நாற்பதும் பச்சை

அத்தியாயம் 11

பேக்டரியைச் சோதித்துப் பார்க்க அடுத்த மாதம் வருவதாகச் சொன்ன கொச்சிக்காரர் புதன்கிழமை சாயங்காலம் போன் போட்டு, "வெள்ளிக்கிழமை மூணு மணிக்கே வந்திருதேன்" என்றதும் சாம்சன் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

வாசல் சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. வேலை செய்கிற முப்பத்திரண்டு பேருக்கும் புதுத் தொப்பி கொடுத்தாயிற்று. வருகிறவர் கையில் கொடுத்தனுப்ப இரண்டு கிலோ பால்கோவா ஃப்ரிட்ஜில் காத்திருந்தது. ஜாஸ்மின் மட்டும் காலை எட்டரை மணிக்கே ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தான் எழுதிய புரோகிராமைத் தானே கெடுத்துக்கொண்டிருந்தாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜபாளையத்தில் சத்திரப்பட்டி ரோட்டில் முன்னால் வீடு, பின்னால் பேக்டரி என்று இருக்கிறதே ஐயாதுரை சர்ஜிகல்ஸ், அதை நடத்துகிறவர் மூத்த மகன் சாம்சன்; அந்த வீட்டின் சின்ன மருமகள்தான் ஜாஸ்மின். ஆபரேஷனுக்கு வேண்டிய காஸ் என்ற வலைத் துணியை வெட்டி, மடித்து, உறையில் போட்டு, ஆட்டோகிளேவ் என்ற பெரிய இரும்பு உருளைக்குள் அடுக்கி ஆவியில் அவித்து எடுக்கிறார்கள். ஒரு தடவை அவிக்கிற அடுக்குக்கு லோடு என்று பெயர். நூற்று இருபத்தொரு டிகிரி சூடு முப்பது நிமிஷம் இறங்காமல் நிற்க வேண்டும். நின்றால்தான் கிருமி சாகும். நிற்காவிட்டால் அது வெறும் துணி.

கொச்சியிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வருகிற மாதிரி இருந்தது. அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. சரியாக அவியாத லோடு வந்தால், யார் சொன்னாலும் கேட்காமல் கம்ப்யூட்டரே 'ஓகே' லேபிள் அடிக்க மறுக்க வேண்டும். சென்னையில் ஆறு வருஷம் இதே தொழில் பார்த்த ஜாஸ்மின் புரோகிராமை எழுதினாள். அது ஒழுங்காக மறுக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளை அவள் புருஷன் பெலிக்ஸ் எழுதினான். திங்கட்கிழமையிலிருந்து நிஜ லோடுகளுக்கும் அதுதான் லேபிள் அடிக்கிறது.

நல்லதற்குத் தலையாட்ட கம்ப்யூட்டர் எதற்கு, பூம்பூம் மாடு போதும். கெட்டது வரும்போது மறிக்க வேண்டும். அந்த மறிப்புக்கு இந்தத் தொழிலில் எக்ஸெப்ஷன் என்று பெயர். கெட்ட லோடுகளின் சூட்டுக் கணக்காக நாற்பது தயார் பண்ணி உள்ளே விட்டுப் பார்த்தான் பெலிக்ஸ். மறித்தால் பச்சை, மறிக்காவிட்டால் சிவப்பு; நாற்பதையும் புரோகிராம் மறித்தது. திரையில் நாற்பது பச்சை விளக்கு. வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டில் அதற்காகவே ஒரு முட்டை கூடுதலாக விழுந்தது அவன் தட்டில்.

ஜாஸ்மினுக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லாம் பச்சை என்றால் அவளுக்குத் தூக்கம் வராது. அதனால்தான் இன்று காலையில், சூட்டைப் பார்க்கிற வரிகள் அத்தனையையும் புரோகிராமிலிருந்து எடுத்துவிட்டு, அதே நாற்பது சோதனையை மறுபடி ஓட்டினாள். நாற்பதும் சிவப்பாக வர வேண்டும். வந்தால் நிம்மதியாகக் காப்பி குடிக்கலாம் என்று நினைத்தாள்.

நாற்பதும் பச்சை.

இன்னொரு தரம் ஓட்டினாள். பச்சை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு ஓட்டினாள். அப்போதும் பச்சை.

"ஏங்க! செத்த இங்க வாங்க!"

பெலிக்ஸ் வந்தான். தேய்த்த சட்டை, ஈரத் தலை, முகத்தில் மாப்பிள்ளைக் களை.

"என்ன, நாப்பதும் பச்சைதான?"

"பச்சைதான். அதுதான் என் பிரச்சினை."

"ஏட்டி, சிவப்பா வந்தாலும் கத்துத. பச்சையா வந்தாலும் கத்துத. உனக்கு எந்தக் கலர்தான் பிடிக்கும்?"

"சூட்டைப் பாக்கிற வரியவே நான் எடுத்துட்டேன். இப்ப இந்தப் புரோகிராமுக்குச் சூடுன்னா என்னன்னே தெரியாது. பச்சத்தண்ணியில முக்கி எடுத்த லோடைக் குடுத்தாலும் ஓகேன்னுதான் சொல்லணும். ஆனா நாப்பதையும் முடியாதுங்குது. வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பியாச்சு. ஆனா நாப்பது திருடனும் பிடிபட்டுட்டான்னு ரிப்போர்ட் வருது. யாரு பிடிச்சா?"

பெலிக்ஸ் யோசித்தான். யோசிக்கும்போது தாடையைச் சொறிவான். "கர்த்தர் பிடிச்சிருப்பாரு" என்றான்.

அடிக்க வேண்டும்போல இருந்தது ஜாஸ்மினுக்கு. அடிக்காமல், அவன் தயார் செய்த நாற்பது கெட்ட லோடில் ஒன்றைத் திறந்தாள். நல்ல லோடை விடுகிறதா என்று பார்க்கப் பத்துக் கணக்கை மெஷினிலிருந்து அப்படியே எடுத்திருந்தான். கெட்ட லோடு வேண்டும் என்று மெஷினிடம் கேட்க முடியாது, ஆகையால் நாற்பதையும் தன் கையால் டைப் அடித்திருந்தான். நிமிஷத்துக்கு ஒரு எண் வீதம் வரிசையாகச் சூட்டளவு இருந்தது. ஆனால் முதல் வரியில் எண் இல்லை. கூட்டல் குறி மாதிரி ஒன்று இருந்தது.

"இது என்ன?"

"சிலுவை."

"சிலுவைன்னு எனக்கும் தெரியுது. இங்க எதுக்கு இருக்கு?"

"அப்பா பழக்கினதுதான. புது நோட்டோ புது ரிஜிஸ்தரோ, மேல ஒரு சிலுவை போடாம எழுதக் கூடாதும்பாவ. கை தானா போட்டுருது."

"நாப்பதுலயுமா?"

"ஒண்ணுல போட்டு ஒண்ணுல போடாம விட்டா நல்லாவா இருக்கும்?"

ஜாஸ்மின் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். விஷயம் இவ்வளவுதான். புரோகிராம் முதல் வரியைப் படிக்கிறது. எண் வரும் என்று பார்த்தால் கூட்டல் குறி நிற்கிறது. 'என்னால் படிக்க முடியவில்லை' என்று ஒரு எக்ஸெப்ஷனை வீசிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. சூடு எத்தனை, எத்தனை நிமிஷம் என்ற இடத்துக்குப் போகவே இல்லை. சோதனை கேட்பதோ, மறுத்ததா இல்லையா என்பதை மட்டும். மறுத்தது. போடு பச்சை. நாற்பது சிலுவைக்கு நாற்பது பச்சை.

"எதுக்கு மறுத்துச்சுன்னு கேக்க வேண்டாமா நீங்க? முடியாதுன்னு சொன்னாப் போதுமா? பொண்ணு பிடிக்கலன்னு சொல்றவனும், பஸ்ஸைத் தவறவிட்டதால வராதவனும் ஒண்ணா?"

"ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு வரலியே" என்றான் பெலிக்ஸ். இந்த மனிதனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காப்பித் தம்ளரோடு வாசலில் நின்ற மாமியார் பரிபூரணத்தின் காதில் விழ வேண்டிய பாதி மட்டும் சரியாக விழுந்துவிட்டது.

"சிலுவை போட்டதாலதான் எல்லாம் தப்பாப் போச்சுன்னா சொல்லுத?"

"அத்தை, சிலுவை மேல குத்தம் சொல்லல. கம்ப்யூட்டருக்கு அது சிலுவைன்னு தெரியாது."

"தெரியாதுன்னா சொல்லிக் குடு. ஆறு வருசம் மெட்ராஸ்ல இருந்தவதான நீ? அம்பது வருசமா இந்த வீட்டுல சிலுவை போடாம ஒரு கடுதாசி எழுதினதில்ல. உங்க மாமா சோழபுரத்துக் கல்யாணத்துக்குப் போயிருக்கிற நேரமாப் பாத்து அழிக்கியளே, வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

"அத்தை, காப்பியக் குடுத்துட்டுப் போங்களேன்."

காப்பி மேசை மேல் டொக்கென்று உட்கார்ந்தது. பாதி தட்டில் கொட்டியது. அதற்கும் ஒரு பேச்சு நடந்தது, அதை விட்டுவிடுவோம்.

ஒன்பதரைக்குள் சிலுவைகளை எடுத்தாள். எடுத்ததை, புரோகிராம் படிக்காத தலைப்புக் குறிப்பில் போட்டு வைத்தாள், மாமியாருக்காக. சோதனையையும் மாற்றினாள். சும்மா மறுத்தால் இனிமேல் போதாது. 'சூடு பத்தவில்லை, ஆகையால் மறுக்கிறேன்' என்ற அந்த ஒரே காரணத்தைச் சொன்னால்தான் பச்சை. வேறு எந்தக் காரணம் சொல்லி மறுத்தாலும் சிவப்பு. தான் எடுத்துவிட்ட வரிகளைத் திருப்பிப் போட்டு ஓட்டினாள்.

இருபத்தொன்று பச்சை. பத்தொன்பது சிவப்பு.

பெலிக்ஸ் எட்டிப் பார்த்து, "நான் ஒண்ணும் பண்ணல" என்றான் அவசரமாக.

அவன் பண்ணவில்லைதான். பண்ணியது அவள். பத்தொன்பதையும் வரிசையாகத் திறந்து பார்த்தபோது ஜாஸ்மினின் காது சுட்டது. சூடு நூற்று இருபத்தொன்றில் முப்பது நிமிஷம் நின்றதா என்று பார்ப்பதற்குப் பதிலாக, அந்த அளவை ஒரு தரம் தொட்டதா என்று மட்டும் பார்க்கும்படி எழுதியிருந்தாள். தொட்டுவிட்டு விழுந்த லோடையெல்லாம் நல்ல லோடு என்று விட்டிருக்கிறது புரோகிராம். ஊரெல்லாம் பெலிக்ஸைத் திட்டிவிட்டு, அடியில் பார்த்தால் தன் கையெழுத்து. அவளுக்கு அவள்மேலேயே வந்த எரிச்சலுக்கு அளவில்லை. சோதனை ஒழுங்காக இருந்திருந்தால் முதல் நாளே காட்டிக் கொடுத்திருக்கும். அந்தச் சோதனையை ஒருதரம் திறந்து பார்க்காமல் பச்சையை நம்பியவளும் அவள்தான்.

திருத்த அரை மணி ஆயிற்று. இப்போது நாற்பதும் பச்சை, நியாயமான பச்சை. சூட்டு வரிகளை எடுத்துப் பார்த்தாள், நாற்பதும் சிவப்பு. திருப்பிப் போட்டாள், பச்சை. இதுதான் முறை.

"அப்பாடா" என்று எழுந்தான் பெலிக்ஸ். "முடிஞ்சுது. இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு."

"எங்க முடிஞ்சுது? திங்கக்கிழமையிலருந்து பழைய புரோகிராம்தான லேபிள் அடிச்சிருக்கு?"

பெலிக்ஸ் எழுந்தவன் அப்படியே நின்றான்.

வாரம் முழுக்க அவித்த நிஜ லோடு இருபத்து மூன்று. எல்லாவற்றின் சூட்டளவும் மெஷினில் இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திருத்திய புரோகிராமுக்குள் விட்டாள். திங்கட்கிழமை ஐந்தும் சரி. செவ்வாய்க்கிழமை முதல் லோடு சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் நின்றது.

சூடு பத்தவில்லை. நின்ற நேரம் பதினோரு நிமிஷம்.

மீதியெல்லாம் சரியாக இருந்தது. இருபத்து மூன்றில் ஒன்று. ஒன்று போதாதா?

ஆட்டோகிளேவ் பார்க்கிற பாண்டிசெல்வியைக் கூப்பிட்டாள். ஒன்பது வருஷமாக அந்த உருளை அருகில் நிற்பவள். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டியபடி வந்தாள்.

"செல்வி, செவ்வாக்கிழமை மூணாவது லோடுல என்ன நடந்துச்சு?"

"கரண்டு போச்சுக்கா. சூடு ஏறி நின்னு செத்த நேரத்துல போயிருச்சு. ஜெனரேட்டர் எடுக்கவே இருவது நிமிசம் ஆச்சு. திருப்பி அவிக்கணும்னு நான் கதவைத் திறக்காமத்தான் வச்சிருந்தேன். ஆனா லேபிள் தானா அடிச்சு வந்துருச்சு. பெட்டி மேல ஒட்டுவோமே, வெந்தா கறுக்கிற டேப்பு, அது கறுக்கல, பழுப்பாத்தான் இருந்துச்சு. சின்ன முதலாளிகிட்டப் போயிச் சொன்னேன்."

இரண்டு பெண்களும் பெலிக்ஸைப் பார்த்தார்கள்.

"கம்ப்யூட்டர் ஓகேன்னு சொல்லிருச்சேன்னு..." என்று இழுத்தான்.

"அவ சொன்னத அத்தான்கிட்டச் சொன்னீங்களா?"

"அண்ணன் அன்னைக்கு ஏற்கனவே கோவத்துல இருந்தாவ."

இதுதான் பெலிக்ஸ். நல்ல சேதி என்றால் ஓடிப்போய்ச் சொல்வான். கெட்ட சேதி அவனிடம் வந்தால் அவனோடு நின்றுவிடும். மேலே போகாது. பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டிலிருந்து இந்தக் குடும்பத்தில் யாருக்கும் எந்தக் கெட்ட சேதியும் இவன் வழியாக வந்ததில்லை. கல்யாணமான நாலு வருஷத்தில் ஜாஸ்மினுக்கு இது முதல் அனுபவமும் இல்லை. ஆனால் இதுவரை அவன் விழுங்கியது கரண்டு பில், விருந்தாளி, வாடகைக்காரர் சண்டை. இது ஆபரேஷன் துணி.

"அந்த லோடு எங்க இருக்கு?"

பாண்டிசெல்விதான் பதில் சொன்னாள். "பன்னெண்டு பெட்டிக்கா. புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருச்சு. ரயில்வே ஸ்டேசன் ரோட்டுல இருக்கே, அந்த நர்சிங் ஹோமுக்கு."

சாம்சன் பதினொன்றரைக்கு வந்தார். பெரிய மருமகள் இல்லாத வீடு அது; பெண்டாட்டி போன பிறகு பேக்டரிதான் அவருக்குக் குடும்பம். வந்தவர் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார்.

"இப்ப புரோகிராம் சரியா இருக்கா?"

"இருக்கு, அத்தான்."

"அந்த மனுசன் முன்னாடி ஓட்டினா மறிக்குமா?"

"மறிக்கும்."

"அப்பச் சரி. மூணு மணிக்கு வாராரு, அஞ்சு மணிக்குப் போயிருவாரு. பொறவு நானே ஸ்ரீவில்லிபுத்தூர் போயிப் பெட்டிய எடுத்துட்டு வாரேன்."

"அத்தான், வெள்ளிக்கிழமை அங்க ஆபரேஷன் நாள். அஞ்சு மணி வரைக்கும் அந்தத் துணி சும்மா இருக்குமா?"

"பன்னெண்டு பெட்டியும் ஒரே நாள்லயா பிரிப்பாவ?"

"ஒண்ணு பிரிச்சாப் போதாதா? போனாவது போட்டுச் சொல்லுங்க."

"போன் போட்டு என்னன்னு சொல்ல? நான் ஐயாதுரை மகன் பேசுதேன், என் துணி வேகலைன்னா? அந்த நர்சிங் ஹோம் டாக்டரும் இந்தக் கொச்சிக்காரரும் ஒரே காலேஜ்ல படிச்சவிய. நான் போனை வைக்குமுன்ன அங்க மணி அடிக்கும்." அவர் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. "ரெண்டு வருசம், ஜாஸ்மின். ரெண்டு வருசமா இந்த ஒரு ஆர்டருக்காக நாயா அலைஞ்சிருக்கேன். இது போனா தீபாவளிக்கு முன்ன பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பணும். யாரை அனுப்பட்டும்? நீயே சொல்லு. செல்வியவா?"

பாண்டிசெல்வி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாம்சன் வெளியே போய்விட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் ஜாஸ்மினுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. கெட்டவராக இருந்தால் முகத்துக்கு நேரே நாலு கேட்டுவிட்டுப் போயிருப்பாள்.

அவளே நர்சிங் ஹோம் நம்பருக்குப் போட்டாள். ரிசப்ஷனில் எடுத்த பெண், ஸ்டோர்க்காரம்மாவைக் கேட்கச் சொன்னாள். மணி ஒன்றாகியும் ஸ்டோர் போனை யாரும் எடுக்கவில்லை. மறுபடி ரிசப்ஷனுக்குப் போட்டால், "சாப்பிடப் போயிருப்பாவ, ரெண்டு மணிக்கு மேல பண்ணுங்க" என்றது அந்தக் குரல். "அவசரம்மா, அந்தத் துணியத் தொட வேண்டாம்னு தியேட்டர்ல சொல்லுங்க" என்றால், "எந்தத் துணி? நீங்க யாரு? பேஷண்ட் பேர் சொல்லுங்க" என்று கேட்டது. மூன்று தரம் விளக்கினாள். மூன்று தரமும் பேஷண்ட் பேர் கேட்டது.

"செல்வி, வா போவோம்."

"முதலாளி திட்டுவாகக்கா."

"திட்டட்டும்."

ஸ்கூட்டரை எடுக்கும்போது பெலிக்ஸ் ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்தான். "ஏட்டி, நீ இல்லாம அந்த ஆளு முன்னாடி நான் என்னத்தப் பேச?"

"இருக்கிறதப் பேசுங்க."

"அண்ணன் கொன்னுருவாவ."

"ஏங்க, உங்க நாப்பது சோதனைக்கும் உங்களுக்கும் ஒரே வித்தியாசம்தான். அது தப்பான காரணத்துக்காவது முடியாதுன்னு சொல்லிச்சு. நீங்க எதுக்குமே சொல்ல மாட்டீங்க."

சொல்லியிருக்க வேண்டாம். அவன் முகம் சுருங்கியது. கைப்பிடியை விட்டான். திருப்பிச் சொல்ல நேரமில்லாமல் அவள் வண்டியை விரட்டினாள்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். இருபத்தைந்து நிமிஷத்தில் போகலாம், ரோடு ரோடாக இருந்தால். பைபாஸ் வேலை என்று பாதியை வெட்டிப் போட்டிருந்தார்கள். சிமென்ட் லாரி ஒன்று குறுக்கே நின்று, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், டிரைவர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். அங்கேயே முக்கால் மணி போயிற்று. பாண்டிசெல்வி பின்னாலிருந்து அவரைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. லாரி நகர்ந்தது.

நர்சிங் ஹோமுக்குள் நுழையும்போது மணி இரண்டே முக்கால். ஸ்டோர்க்காரம்மா அழகுத்தாய் அப்போதுதான் கை கழுவிவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரு பெட்டியின் லேபிளை விரலால் தட்டினார்.

"ஓகேன்னுதானம்மா போட்டிருக்கு?"

"அது தப்பா அடிச்ச லேபிள்மா. நான் எழுதின புரோகிராம்தான் அடிச்சுது. நானே சொல்றேன், அது தப்பு."

"முப்பது வருசமா ஸ்டோர் பாக்கேன். சரக்கு நல்லாயிருக்குன்னு சொல்ல எல்லாரும் வருவாவ. நல்லால்லன்னு சொல்ல வீடு தேடி வந்த கம்பெனி நீங்கதான்." பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை. "சரி, எடுங்க. ஆனா எழுதிக் குடுத்துட்டுப் போகணும்."

பாண்டிசெல்வி அலமாரியில் குனிந்து எண்ணினாள். டேப்பைப் பார்த்தே அடையாளம் சொன்னாள், பழுப்பு, பழுப்பு, பழுப்பு. எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"பதினொண்ணுதாங்கா இருக்கு."

அழகுத்தாய் ரிஜிஸ்தரைத் திறந்தார். விரல் மெதுவாக இறங்கியது. "காலையில ஒண்ணு மாடிக்குப் போயிருக்கு. தியேட்டருக்கு." அந்த அம்மாவின் குரலில் இருந்த கிண்டல் எங்கோ போய்விட்டது. "இருங்க, நானே போறேன்" என்று, முழங்கால் வலியையும் மறந்து, படியேறினார்.

அந்த நேரம் பார்த்துத்தானா போன் அடிக்க வேண்டும்? பெலிக்ஸ்.

"ஜாஸ்மின்." கிசுகிசுத்தான். "சொன்ன நேரத்துக்கு முன்னாடியே, ரெண்டு மணிக்கே வந்துட்டாரு. வைகுண்டராஜ்னு பேரு. வெளியில வந்து பேசுதேன். நாப்பதும் ஓட்டிக் காட்டினேன். அந்தச் சூட்டு வரிய எடுத்துட்டு ஓட்டச் சொன்னாரு, நீ காலையில பண்ணினியே அதே மாதிரி. நாப்பதும் செவந்துச்சு. ரொம்ப சந்தோசப்பட்டாரு. எழுந்து கை குடுத்தாரு."

"பொறவு?"

"பொறவு கேட்டாரு, இந்த வாரம் நிஜ லோடு எதையாவது இது மறிச்சிருக்கான்னு."

"அத்தான் என்ன சொன்னாங்க?"

"அண்ணன் இல்லன்னுட்டாவ. ஒண்ணுகூட இல்ல, எங்க சரக்கு அம்புட்டும் சுத்தம்னு. அவரு எழுதிக்கிட்டிருக்காரு. எழுதி முடிச்சுக் கையெழுத்துப் போடப் போறாரு. நான் என்ன செய்ய?"

"என்னைக் கேக்காதீங்க."

"ஏட்டி..."

"இங்க பதினொரு பெட்டிதான் இருக்கு. ஒண்ணு தியேட்டருக்குப் போயிருச்சு. காலையில நான் சொன்னது கூடுதல், வருத்தமா இருக்கு. ஆனா இதுக்கு மேல உங்களுக்கு நான் சொல்லித் தர ஒண்ணும் இல்ல."

போனை வைத்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். பிறகு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மின்விசிறி ஓடுகிற சத்தம். தூரத்தில் சாம்சனின் சிரிப்பு, பால்கோவா எடுத்துக்கொள்ளச் சொல்லி உபசாரம். போனை அணைக்காமலே கையில் வைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறான்.

"சார்." பெலிக்ஸின் குரல் கேட்டது. "சார், ஒரு நிமிசம். எழுதாதீங்க. ஒண்ணு இருக்கு."

"ஏலே பெலிக்ஸ்!"

"இருக்குண்ணே. இருக்கு. செவ்வாக்கிழமை மூணாவது லோடு, சார். பதினோரு நிமிசந்தான் வெந்துச்சு. செல்வி அன்னைக்கே எங்கிட்டச் சொன்னா. நான்தான் யாருகிட்டயும் சொல்லல. பன்னெண்டு பெட்டி வெளிய போயிருக்கு."

ஜாஸ்மின் சுவரில் சாய்ந்தாள். நாலு வருஷத்தில் இந்த மனிதன் வாயிலிருந்து வந்த முதல் கெட்ட சேதி. சந்தோஷப்படவா, அழவா என்று தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது. பாண்டிசெல்வி ஒன்றும் கேட்காமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

போனில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு பழக்கமில்லாத ஒரு குரல், நிதானமாக, நேராக போனுக்குள் பேசியது.

"அம்மா, நான் வைகுண்டராஜ். பெட்டியத் தேடி நீங்கதான் போயிருக்கீங்கன்னு தம்பி சொல்றாரு. பன்னெண்டும் கிடைச்சுதா?"

படியில் காலடி கேட்டது. அழகுத்தாய் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கி வந்தார். இடுப்பில் ஒரு பெட்டியை அணைத்திருந்தார். மூடி திறந்து தொங்கியது. "காலை ஆபரேஷன்லயே பிரிச்சு வச்சுக் கட்டிட்டாவ" என்று அதை ஜாஸ்மின் முன்னால் சாய்த்துக் காட்டினார். பெட்டிக்குப் பத்துக் கட்டு. ஜாஸ்மின் எண்ணினாள்.

"பன்னெண்டும் கிடைச்சுது, சார்" என்றாள். "ஆனா ஒரு பெட்டியில ஏழு கட்டுதான் இருக்கு. மூணு கட்டு யாரோ ஒருத்தர் உடம்புல இருக்கு."